கதவருகே நின்ற சுபேதார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லித்தர இன்றைக்கு ஆள் பஞ்சமே இல்லை. வார இறுதிப் பயிற்சி முகாம், ஆன்லைன் வகுப்பு, காதோடு மைக்கை மாட்டிக்கொண்டு மேடையில் நடந்தபடியே பேசுகிறவர்கள் என்று எல்லாம் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கும் அவ்வப்போது இப்படி ஒருவரைக் கூட்டி வருவார்கள். பணிவோடு வழிநடத்துங்கள் என்று அவர் சொல்வார், நாங்கள் குறிப்பெடுத்துக்கொள்வோம், அன்று மதியம் மேலதிகாரிகள் கேன்டீனில் தொழிலாளர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், மறுநாள் அவரவர் அறைக்குள் போய்விடுவார்கள். நான் ஷிப்ட் சூப்பர்வைசர். மேலே இருப்பவர்களிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டு கீழே இருப்பவர்களிடமும் வாங்கிக்கட்டிக்கொள்வதுதான் என் உத்தியோகம். அதனால் இந்த விஷயத்தில் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைத்து எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும். இடமில்லாமல் வெட்ட வேண்டி வந்தால் என்னைப் பற்றிய பகுதியை வெட்டுங்கள், ராணுவக்காரரைப் பற்றியதை மட்டும் அப்படியே வையுங்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு நீண்ட ரயில் பயணம். மூன்றடுக்கு ஏசி பெட்டி. நல்ல மழை, தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்று வண்டியை இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே நிறுத்திவிட்டார்கள். நடு ராத்திரி, வெளியே இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஏசி நின்றது, விளக்கும் மங்கியது. திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல், உள்ளே அத்தனை பேர், அரை மணி நேரத்தில் புழுக்கம் தாங்கவில்லை. அப்புறம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். போர்வை, தலையணை எடுத்துக் கொடுக்கும் அட்டெண்டன்ட் பையன் ஒருவன் இருந்தான், இருபது வயதுகூட இருக்காது, எல்லோரும் அவன் மேல் பாய்ந்தார்கள். ஒருவர் தான் யார் தெரியுமா என்று ஆரம்பித்தார். இன்னொருவர் வீடியோ எடுத்தார். வாட்டசாட்டமான ஒருவர் அவசர கால ஜன்னலை உடைத்துவிடலாம் என்று எதையோ கையில் எடுத்துக்கொண்டு வந்தார். ஆளாளுக்கு உத்தரவு போட்டார்களே தவிர, அந்தப் பையனிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கேட்டவர், கதவை ஒட்டிய பக்கவாட்டு பெர்த்தில் படுத்திருந்த ஒருவர். ஐம்பதை ஒட்டிய வயது, ஒட்ட வெட்டிய முடி, சாதாரண டீ-ஷர்ட், கைலி. எழுந்து போய்ப் பையன் பக்கத்தில் நின்றார். முன்னால் அல்ல, பக்கத்தில். அதனால் பையன் எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டே அவரிடம் பேச முடிந்தது, அவர் அங்கே நின்றதும் கத்தினவர்களுக்கும் கொஞ்சம் சுருதி இறங்கியது. "தம்பி, இந்தப் பெட்டிய பத்தி எங்க எல்லாரையும்விட உனக்குத்தான் தெரியும். இப்ப என்ன செஞ்சா சரியா இருக்கும்?" என்று கேட்டார். பையன் முதலில் வாயே திறக்கவில்லை. இவர் அவசரப்படுத்தவும் இல்லை, காத்துக்கொண்டு நின்றார். பிறகு அவன் சொன்னான்: கண்ணாடியை உடைத்தால் மழை உள்ளே வந்து மெத்தையெல்லாம் நனைந்துவிடும், இரண்டு பக்கக் கடைசியிலும் இருக்கிற கதவுகளைத் திறந்து, நடுக்கதவையும் திறந்து வைத்தால் காற்று நேராக ஓடும், ஆனால் வெளியே சரளைக்கல் பள்ளம், இருட்டு, குழந்தைகள் கிட்டே போய்விடக் கூடாது, யாராவது காவல் நிற்க வேண்டும், வயதானவர்களைக் கதவுப் பக்கம் மாற்றிவிட வேண்டும். எல்லாம் அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"சரி, இந்தக் கதவுல நான் நிக்கிறேன்" என்றார் அவர். சாரல் அடிக்கிற பக்கத்துக் கதவு அது. தன் பெர்த்தை ஒரு பாட்டிக்குக் கொடுத்துவிட்டுத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போய் நின்றுவிட்டார். அவர் ஒருவரையும் கூப்பிடவில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் எதிர்ப் பக்கத்துக்கு ஒரு கல்லூரி மாணவர் போனார், மறு கோடிக்கு இரண்டு பேர் போனார்கள், ஜன்னல் உடைக்க வந்தவர் பாட்டிகளைக் கைபிடித்துக் கூட்டி வந்தார். அந்த 'நான் யார் தெரியுமா' ஆசாமி மட்டும் கடைசி வரை யாருக்கோ போன் போட்டுக்கொண்டே இருந்தார், சிக்னல்தான் இல்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். ரொம்ப நேரம் அவரே நின்று கஷ்டப்பட்டுத் தியாகி ஆகிவிடுவார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "சார், ஒரு மணி நேரம் நிப்பீங்களா? எனக்குக் கண்ணு சொக்குது, அரைத் தூக்கத்துல காவல் நிக்கிறது நிக்காததவிட மோசம்" என்றார். கூச்சமே இல்லாமல் கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா நகர்ந்து போகவும் இல்லை. எந்தப் படி வழுக்குகிறது, எந்தக் குழந்தை இரண்டு முறை ஓடி வந்தது, அதன் அம்மா எந்த பெர்த்தில் இருக்கிறார், எல்லாவற்றையும் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் போய் உட்கார்ந்தார். ஷிப்ட் மாறும்போது எங்கள் ஆட்கள் ஒப்படைக்கிற அழகை நினைத்துக்கொண்டேன். "எல்லாம் ஓடுது" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் எங்கள் ஒப்படைப்பு.

வண்டி கிளம்ப விடிந்துவிட்டது. அதுவரை பேசினோம். முடிவெட்டைப் பார்த்தே ஊகித்ததுதான், ராணுவம் என்றார், சுபேதார், ஓய்வு பெறும் நாள் நெருங்கிவிட்டதாம். பெயரும் ரெஜிமென்ட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்து லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், நாயிப் சுபேதார் என்று ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர்கள்தான் பெரும்பாலும் சுபேதார் ஆவார்கள். ஒரு பக்கம் ஜவான்கள், இன்னொரு பக்கம் அகாடமியில் படித்து நேராக லெப்டினென்ட்டாக வரும் இளம் அதிகாரிகள், நடுவில் இவர்கள். கிட்டத்தட்ட என் உத்தியோகம்தான், துப்பாக்கி மட்டும் கூடுதல் என்று சொன்னேன், சிரித்தார்.

அந்த இளம் அதிகாரிகளைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசினார். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதில் ஒரு பையன் வந்து இறங்குகிறான், அவன் கீழே இருக்கிற சுபேதாருக்கு அவன் அப்பா வயது. சட்டப்படி உத்தரவு போடுகிற அதிகாரம் பையனிடம். மலையைத் தெரிந்தவர், ஆட்களைத் தெரிந்தவர், எந்த ஜவான் வீட்டில் என்ன பிரச்சினை என்று தெரிந்தவர் சுபேதார். அதனால்தான் நம் ராணுவத்தில் அதிகாரிகள் இவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'சாப்' என்று மரியாதையோடுதான் கூப்பிடுவார்கள், அது எழுதாத விதி. இவரிடம் வந்த லெப்டினென்ட்களில் இருவரைப் பற்றிச் சொன்னார். ஒருவர் பயங்கரப் புத்திசாலி, வந்த முதல் வாரமே எல்லாவற்றையும் மாற்றினார், மாற்றியதில் பாதி நல்ல மாற்றம்தான் என்பதையும் இவரே சொன்னார். "ஆனா அவர்ட்ட யாரும் கெட்ட சேதிய கொண்டுபோக மாட்டாங்க சார். நல்ல சேதி மட்டும்தான் போகும்." இன்னொருவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாப், போன குளிர்காலத்துல இங்க என்ன தப்பாச்சு?"

அந்த இரண்டாவது ஆள் பனிமலையில் ரோந்து முடிந்து திரும்பியதும் ஒன்று செய்வாராம்: ஜவான்கள் பூட்ஸைக் கழற்றியதும் டார்ச்சோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொருவர் கால் விரலையும் பார்ப்பாராம். பனியில் கால் விரல் மரத்துப்போனால் முதலில் வலிக்காது, தோல் நிறம் மாறுவதைக் கவனிக்காமல் விட்டால் பிறகு விரலையே எடுக்க வேண்டி வரும். சொன்னால் கீழே அனுப்பிவிடுவார்கள், கூட இருப்பவர்களை விட்டுப் போக வேண்டும் என்று ஜவான்கள் மறைப்பார்கள். அதனால் கேட்டால் போதாது, பார்த்தாக வேண்டும். அதிகாரி ஆட்களின் காலைப் பரிசோதிப்பது பல ராணுவங்களிலும் பழைய வழக்கம், சிலர் நின்றபடியே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போவார்கள், இவர் உட்கார்ந்து கையால் தொட்டுப் பார்ப்பார், அதுதான் வித்தியாசம் என்றார் சுபேதார். இங்கே நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு, எவ்வளவு பணிவு என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "பணிவெல்லாம் இல்ல சார். நின்னுக்கிட்டுப் பாத்தா நிறம் சரியா தெரியாது."

இந்தப் பதிலை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாம் பணிவைக் குணமாகப் பார்க்கிறோம், கைகூப்புகிறாரா, மெல்லப் பேசுகிறாரா, காரைவிட்டு இறங்கி நடக்கிறாரா என்று பார்க்கிறோம். அவர்கள் அதை வேலையின் ஒரு பகுதியாகப் பார்க்கிறார்கள். கீழே நடப்பது மேலே தெரிய வேண்டும், தெரியாவிட்டால் ஆள் சாவான், அதற்கு என்ன வழியோ அதைச் செய்கிறார்கள். பனிப்பாறையில் நடக்கும்போது எல்லோரையும் ஒரே கயிற்றில் பிணைத்துக்கொண்டு போவார்கள், முன்னால் போகிறவர் கம்பியால் குத்திக் குத்திப் பனிக்கடியில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும், வரிசையின் வேகம் அதில் மெதுவாக நடக்கிறவரின் வேகம்தான். முன்னால் போகிறவருக்கு அவசரம் என்பதற்காகக் கயிறு நீளாது. 1984 ஏப்ரலிலிருந்து சியாச்சினில் நம் ஆட்கள் இப்படித்தான் இருக்கிறார்கள். அங்கே குண்டில் போனவர்களைவிடக் குளிரிலும் பனிச்சரிவிலும் போனவர்கள்தான் அதிகம். 2016 பிப்ரவரியில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் பத்தொன்பதாயிரம் அடிக்கு மேலே பனியில் புதைந்தது நம் வாசகர்களுக்கு மறந்திருக்காது. அந்தப் பத்துப் பேரில் ஒருவர் சுபேதார். இவர் அங்கே இருந்திருக்கிறாரா என்று கேட்டேன், அந்தப் பேச்சை அவர் தொடரவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி 1932-ல் தொடங்கப்பட்டபோது, அன்றைய தலைமைத் தளபதி பிலிப் செட்வுட் பேசியது இன்றும் அங்கே பொறித்து வைக்கப்பட்டிருக்கிறது. நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் எப்போதும் முதலில், உன் கீழ் இருப்பவர்களின் மானமும் நலனும் வசதியும் அடுத்து, உன் சொந்த சுகமும் வசதியும் பாதுகாப்பும் எப்போதும் கடைசி. அதே ஆண்டு சேர்ந்த முதல் அணியின் நாற்பது பேரில் ஒருவர்தான் பிற்காலத்தில் ஃபீல்டு மார்ஷல் ஆன மானெக்‌ஷா. இதைப் பேசியவர் நம்மை ஆண்டுகொண்டிருந்த வெள்ளைக்காரத் தளபதி என்பதை நான் மறைக்கவில்லை, சுதந்திரத்துக்குப் பிறகும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்றால் அதில் சரக்கு இருக்கிறது என்றுதான் அர்த்தம். எனக்கு அதில் பிடித்தது, நல்லவனாக இரு என்று சொல்லாமல் வரிசையைச் சொன்னது. வரிசை என்றால் சரிபார்க்கலாம். சாப்பாடு குறைந்தால் யாருக்குக் குறைந்தது, கூடாரம் ஒழுகினால் யாருடையது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் பதினான்காவது ராணுவத்தை நடத்திய ஜெனரல் ஸ்லிம், முன்னணியில் இருக்கும் படைப்பிரிவுக்கு ரேஷன் பாதியாகக் குறைந்தால் தன் தலைமையகத்துக்கும் பாதியாகக் குறைத்துவிடுவார். அந்தப் படையில் பெரும்பாலோர் இந்தியர்கள். சும்மா ஒப்புக்குப் பட்டினி கிடக்கிற வேலை இல்லை அது. சப்ளையைக் கவனிக்கிற அதிகாரிகள் எல்லோரும் தலைமையகத்தில்தானே இருக்கிறார்கள், அவர்கள் வயிறு காய்ந்தால் முன்னணிக்குச் சாமான் போவது தானாகவே வேகமெடுக்கும் இல்லையா.

இதற்கெல்லாம் வெளிநாட்டுக்காரர்களைத் தேடிப் போக வேண்டியதுமில்லை. சங்கப் பாட்டான நெடுநல்வாடையைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதன் கடைசிப் பகுதி ஒரு பாசறை, போர்க்களத்துப் படைமுகாம். நள்ளிரவு, வாடைக்காற்று, தூறல், விளக்குகளின் சுடர் தெற்குப் பக்கமாகச் சாய்ந்து எரிகிறது. அரசன் தூங்காமல் புண்பட்ட வீரர்களைப் பார்க்கப் போகிறான். வேப்பிலை கட்டிய வேலோடு ஒருவன் முன்னே நடந்து ஒவ்வொரு வீரனாகக் காட்டிக்கொண்டு போகிறான். அரசன் நழுவும் மேலாடையை இடப்பக்கம் அணைத்துக்கொண்டு, ஓர் இளைஞன் தோளில் கைபோட்டபடி, முகமலர்ச்சியோடு போகிறான். கூட வருபவர்கள் சிலர்தான், ஊர்வலம் கிடையாது. பாட்டு எழுதிய நக்கீரர் அவன் வீரத்தைப் பாட நினைத்திருந்தால் போர்க்களத்தைக் காட்டியிருக்கலாம், எவ்வளவோ புலவர்கள் காட்டியிருக்கிறார்கள். அவர் அரண்மனையில் காத்திருக்கும் அரசியைக் காட்டிவிட்டு, இவன் ஏன் இன்னும் வரவில்லை என்பதற்குக் காரணமாக இந்த ராத்திரி ரவுண்டைக் காட்டுகிறார். முன்னால் ஒருவன் காட்டிக்கொடுக்கப் பின்னால் அரசன் போவதை நான் இந்த ரயில் பயணத்துக்குப் பிறகுதான் கவனித்தேன். யார் எங்கே எப்படி அடிபட்டுக் கிடக்கிறான் என்பது வேல் பிடித்தவனுக்குத்தானே தெரியும்.

இப்போது மறுபக்கம். ராணுவத்தைக் கோவிலாக்கி வைக்கிற ஆள் இல்லை நான். அவரிடமே கேட்டுவிட்டேன், இவ்வளவு சொல்கிறீர்களே, அதிகாரி வீட்டில் காய்கறி வாங்கப் போகிற, நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற ஜவான்கள் கதை என்னவென்று. சகாயக் முறை என்பார்கள். கடற்படையிலும் விமானப் படையிலும் அது இல்லை, தரைப்படையில் உண்டு. பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2008-லேயே அதை ஒழிக்கச் சொன்னது. 2017 ஜனவரியில் சீருடை போட்டவர்களே கைப்பேசியில் வீடியோ எடுத்து, சிலர் சாப்பாட்டைப் பற்றியும் சிலர் இந்த வீட்டு வேலையைப் பற்றியும் குமுறியது நாடு முழுக்க ஓடியது. சுபேதார் மழுப்பவில்லை. களத்தில் அதிகாரியோடு எப்போதும் ஒரு கூட்டாளி இருக்க வேண்டும், அவர் வரைபடத்தைப் பார்க்கும்போது இவன் சுற்றுமுற்றும் பார்க்க வேண்டும், அது தேவை, வீட்டு வேலை தேவையே இல்லை, அதைச் செய்யச் சொல்கிற அதிகாரியை ஜவான்கள் எப்படிப் பேசுவார்கள் என்று உங்களிடம் சொல்ல முடியாது என்றார். கமாண்டிங் ஆபீசர் எல்லோரையும் உட்கார வைத்துக் குறை கேட்கிற சைனிக் சம்மேளன் என்று ஒரு கூட்டம் உண்டு. அது எப்படி நடக்கும் என்று கேட்டேன். "பாதி நேரம் யாரும் எந்திரிக்க மாட்டாங்க. எந்திரிச்சுக் கேட்டவனுக்கு அடுத்த மாசம் லீவு கிடைக்குதான்னு பாப்பாங்க. கிடைச்சா அதுக்கடுத்த கூட்டத்துல நாலு பேர் எந்திரிப்பாங்க."

இந்த ஒரு பதிலுக்கே அவருக்கு ஒரு பயிற்சி முகாமின் கட்டணத்தைக் கொடுக்கலாம். எங்கள் தொழிற்சாலையிலும் ஆலோசனைப் பெட்டி இருக்கிறது, பூட்டுப் போட்டு அழகாக மாட்டியிருக்கிறார்கள், உள்ளே பெரும்பாலும் காற்றுதான். மெஷின் சத்தம் மாறியிருக்கிறது என்று முதலில் தெரிவது ஆபரேட்டருக்கு, அதுவும் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவருக்கு. அவர் சொல்வாரா மாட்டாரா என்பது, போன தடவை சொன்னவருக்கு என்ன ஆனது என்பதைப் பொறுத்தது. பெட்டியை எத்தனை மாட்டினாலும் இது மாறாது. நம் காவல் துறையில், காவலர்களை அதிகாரி வீட்டு வேலைக்கு வைக்கிற ஆர்டர்லி முறையை ஒழித்து 1979-லேயே அரசாணை வந்துவிட்டது, 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடியும் அதையே வலியுறுத்த வேண்டி வந்தது என்றால், காகிதத்தில் எழுதுவதற்கும் கீழே இருப்பவன் நம்புவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுபேதாரோடு ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வெளியே இருப்பவர்களுக்கு ஒழுங்கு போதாது, எல்லோரும் கொஞ்ச நாள் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தால் சரியாகிவிடும் என்பது அவர் கட்சி. ராணுவத்தில் உத்தரவை மீறினால் தண்டனை உண்டு, பிடிக்கவில்லை என்று நாளைக்கே விட்டுவிட்டு வர முடியாது. அவ்வளவு அதிகாரத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஒருவர் கீழே இருப்பவரிடம் கேட்டுச் செய்வது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தப் பெட்டியில் அவருக்கு ஓர் அதிகாரமும் கிடையாது, சீருடைகூட இல்லை, நாங்கள் யாரும் அவர் பேச்சைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே வேலை செய்தது ராணுவ ஒழுங்கு இல்லை என்பது என் கட்சி. சாரல் அடிக்கிற கதவை அவர் முதலில் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான், அதன் பிறகு எங்களுக்கு உட்கார்ந்திருக்க வெட்கமாகிவிட்டது. இதைச் சொன்னதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. விடியும் வரை வாக்குவாதம் பண்ணினோம்.

பழியை யார் ஏற்பது என்பதும் பேச்சில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படை இறங்குவதற்கு முந்தைய நாள், 1944 ஜூன் 5 அன்று, அந்தப் படையின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் ஒரு சின்னத் தாளில் எழுதி வைத்துக்கொண்டார்: இறக்கம் தோற்றுவிட்டது, வீரர்கள் தங்களால் முடிந்த அத்தனையையும் செய்தார்கள், குற்றம் குறை ஏதாவது இருந்தால் அது என்னுடையது மட்டுமே. வெற்றி கிடைத்ததால் அந்தத் தாளுக்கு வேலை இல்லாமல் போனது. தோற்ற பிறகு பொறுப்பேற்பவர்கள் கொஞ்சப் பேராவது உண்டு, முடிவு தெரிவதற்கு முன்பே எழுதிப் பையில் போட்டுக்கொண்டு போவது வேறு. நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதை, 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது பத்திரிகையாளர்கள் முன்னால் பேசியவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான், மறு ஆண்டு ஜூலையில் அது வென்றபோது திட்ட இயக்குநர் கலாமைப் பேசச் சொல்லி அனுப்பினார். கலாம் இதை மேடைக்கு மேடை சொல்லி நம் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. மனப்பாடம் ஆனதோடு சரி. ஏதாவது பழுதாகி உற்பத்தி நின்றால் விசாரணைக் கூட்டத்தில் முதல் கேள்வி இன்னமும் "அந்த நேரத்துல டூட்டியில யாரு?" என்பதுதான், எங்கே வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். சுபேதாரிடம் தவான் கதையைச் சொன்னபோது, தெரியும் என்று தலையாட்டினார். பிறகு, தன் பிரிவுக்கு ஒரு தடவை பாராட்டு வந்தபோது சமையல்காரரை வரிசையில் முதலில் நிறுத்திய ஒரு கர்னலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார், அதற்குள் யாரோ கூப்பிட எழுந்து போய்விட்டார். பாதியில் நின்ற கதை அது.

வண்டி நகர்ந்து விளக்கு வந்ததும் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள், அல்லது கோபப்படுவீர்கள். பெட்டியில் இருந்தவர்கள் வரிசையாக வந்து சுபேதாருக்குக் கைகொடுத்தார்கள். ராணுவம் என்று அதற்குள் தெரிந்துவிட்டதல்லவா, செல்ஃபி வேறு. ஒவ்வொருவரிடமும் அவர், "நான் ஒண்ணும் பண்ணல, இந்தத் தம்பி சொன்னான், நான் நின்னேன்" என்று பையனைக் காட்டினார். சும்மா அடக்கத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அதற்கும் சேர்த்து அவரையே பாராட்டிவிட்டுப் போனார்கள். பையன் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் போனவர்களில் ஒருவர் இன்னொரு தலையணை கிடைக்குமா என்று கேட்டார். சுபேதார் என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார், அப்புறம் போய்ப் பையனோடு சேர்ந்து போர்வை மடிக்க ஆரம்பித்தார். ராணுவ மடிப்பு, மூலைக்கு மூலை சரியாக இருந்தது. பையன் தன் மடிப்புதான் வசதி, அலமாரியில் இதுதான் அடங்கும் என்று சொல்லிக்கொடுக்க, பிறகு இவரும் அப்படியே மடித்தார்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. ராணுவத்தினரைப் பற்றி நம் பத்திரிகைகளில் எப்போது செய்தி வருகிறது என்று பாருங்கள். சவப்பெட்டி வந்தால் வருகிறது, பதக்கம் கிடைத்தால் வருகிறது, போர் மூண்டால் வருகிறது. கீழே இருந்து ஏறி வந்து, இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் ஆட்களை நடத்திப் பழகிய சுபேதார்களும் ஹவில்தார்களும் ஆண்டுதோறும் ஓய்வு பெற்று வருகிறார்கள். வந்ததும் பெரும்பாலோருக்கு நாம் கொடுக்கிற வேலை வங்கி வாசலிலோ அடுக்ககத்தின் கேட்டிலோ செக்யூரிட்டி நாற்காலி. ஆட்களை எப்படி நடத்துவது என்று மாலை போட்டு ஒருவரைக் கூட்டி வந்து மேலே மாடியில் பேச வைப்பார்கள், இருபது பேரைப் பனியில் உயிரோடு நடத்திக்கொண்டு போய்த் திரும்பிக் கொண்டுவந்தவர் கீழே அந்தப் பேச்சாளரின் காருக்குச் சல்யூட் அடித்துக்கொண்டிருப்பார். வாரம் ஒருவரிடம் பேசி அவர்கள் அனுபவத்தை, வீரக்கதையாக்காமல், வேலை அனுபவமாகவே கேட்டு வெளியிட முடியுமா? என்ன தப்பாச்சு, எப்படித் தெரிந்தது, யார் வந்து சொன்னார்கள், இந்த மூன்று கேள்வி போதும். பெயர் போட வேண்டாம் என்பார்கள். போடாமலே வெளியிடுங்கள். கர்னல் சமையல்காரரை முதலில் நிறுத்திய கதை முழுசாகத் தெரிந்தவர் யாராவது அகப்பட்டால் அதையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஷிப்ட் சூப்பர்வைசர்,
உங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்.